எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது

சாகுல் சார் இறந்த செய்தி வந்தபோது நான் கழிவறையில் இருந்தேன். அவரை அறிந்தவர்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவரே கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் மாரடைப்பாம். இருபது வருடம் குடலுக்குப் பயந்து வாழ்ந்த மனிதரை, யாரும் சந்தேகப்படாத இதயம் ஏமாற்றிவிட்டது.

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளியில் அவர் விலங்கியல், நான் தமிழ். ஆசிரியர் அறையின் கதவோர நாற்காலிக்கு எங்களுக்குள் தினமும் போட்டி. ஒருநாள் பக்கத்தில் வந்து, "சார், எனக்குக் குடல் அழற்சி நோய். ஒங்களுக்கு எம்புட்டு நாளா?" என்றார். திடுக்கிட்டுவிட்டேன். அந்த வாரமே மதுரைக்கு இழுத்துப் போய்ப் பரிசோதிக்க வைத்தார். எனக்கும் அதுவேதான். வீட்டில் மட்டும், மனைவியிடம் மூலவியாதி என்றும் மகனிடம் பேப்பர் படிக்கிறேன் என்றும் சொல்லிவைத்தேன்.

"நம்ம எதிர்ப்புச் சக்தி நல்ல சாதி நாய் சார். என்ன, திருடனை விட்டுட்டு வீட்டுக்காரனைக் கடிக்குது. அந்தக் குணம் பரம்பரையில வரலாம். வந்தவுக எல்லாரையும் கடிக்கும்னு இல்ல" என்பார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று மருத்துவர் கேட்டதற்காக, நோட்டும் பென்சிலுமாக வத்திராயிருப்பில் இருந்த தன் தாய்மாமா வீட்டுக்குப் போனார். துணைக்கு நான். "எங்க வம்சத்துல யாருக்கும் வயித்துக்கோளாறே கிடையாது!" என்று முழங்கிய மாமா, முழங்கிய கையோடு எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். அவர் திரும்புவதற்காக அவருடைய மூத்த மகன் கழிவறை வாசலில் தவித்துக்கொண்டு நின்றார். சாகுல் சார் நோட்டில் இருவர் பெயரையும் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். பஸ்ஸில் வரும்போது, "மத்தியானம் அவுக தின்னது பிரியாணி. அதுக்காக ஒரு வட்டத்தை அழிச்சிருவோம்" என்றார்.

போன வருடம் என் மகன் மெலியத் தொடங்கினான். ரத்தமும் போனது. வீட்டில் எல்லோரும் புரோட்டாவைத் திட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் தெரியும், சொல்ல வாய் வரவில்லை. நான் கொடுத்த நோய் என்று ஆகிவிடுமே.

சாகுல் சாரிடம் சொல்லி அழுதேன். "ஒங்க மூக்கும்தான் அவனுக்கு வந்திருக்கு. அதுக்கு மன்னிப்பு கேட்டீகளா?" என்றார். பிறகு குரல் மாறியது. அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "நீங்க வெக்கப்படுற ஒவ்வொரு நாளும் அங்க புள்ள குடல் புண்ணாகுது. போய்ச் சொல்லுங்க."

அன்று மாலையே சொன்னேன். "எனக்கும் இருக்குடா."

அவன் முறைத்தான். "அப்ப இத்தனை நாளா பாத்ரூம்ல நீங்க பேப்பர் படிக்கலையா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அடுத்த வாரம் சாகுல் சாரும் கூடவர, சிகிச்சை தொடங்கியது. இப்போது உடம்பு தேறிவிட்டான்.

சாகுல் சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கூச்சமில்லாத அந்த வாயைத்தான். என்னைவிட என் மகன் அதிகமாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. மையவாடியில் அடக்கம் முடிந்து எல்லோரும் அமைதியாக நின்றபோது, ஒரு பெரியவர் அவனிடம், "தம்பி, நீங்க சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்: "எங்களுக்கு ஒரே வியாதிங்கய்யா."