தனக்கு ஒரு வரிசை

பல்லக்காவின் பீரோக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாங்க நினைக்கும் பொருளை அவள் அதில் எழுதுவாள். எழுதிய அன்றே வாங்கிவிட மாட்டாள். புடவை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் கண்ணில் படும். மூன்று மாதம் போன பிறகும் அது வேண்டும் என்றே இருந்தால் வாங்குவாள். ஆசை வடிந்துவிட்டால் கோடு போட்டு அடித்துவிடுவாள். வாங்கியவற்றுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி.

புள்ளிகள் அதிகமில்லை. முதுகு சாயும் நாற்காலி ஒன்று. அதை, தான் வேலை செய்யும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போன அன்று எல்லோரும் கைதட்டிக் கேலி செய்தார்கள். ஒரு வருஷம் கழித்து அங்கே முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்த மற்ற இருவரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தபோது, அவள் நேராக எழுந்தாள். கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு இன்னொன்று. அது வந்த நாளிலிருந்து தலைவலி மாத்திரை நின்றது. தடித்த அடி வைத்த செருப்பு மூன்றாவது. அவளைப் பொறுத்தவரை வாங்கிய பொருள் நல்லதா என்பது கடையில் தெரியாது. ஆறு மாதம் கழித்து உடம்புதான் சொல்லும்.

தாளின் உச்சியில், ஒன்பது வருஷத்துக்கு முன் எழுதிய சொல் ஒன்று அடிக்கப்படாமலும் புள்ளி வைக்கப்படாமலும் இருந்தது. பல்.

அவளுக்குப் பல்லக்கா என்ற பெயர் வந்ததே தொழிலால். இருபத்திரண்டு வருஷமாகப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. டாக்டர்கள் நோயாளி வாயில் எடுத்த அச்சு ஒரு பெட்டியில் வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறை உருவாக்குவாள். மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கீல் வைத்த பித்தளைச் சட்டத்தில் பூட்டி, மூடித் திறந்து பார்ப்பாள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவள் நட்ட பல்லால்தான் மென்றார்கள். அவள் வாயிலோ மேல்வரிசை முழுக்கக் காலி. கீழே முன்பக்கம் ஆறு. ஈறு நோய் முப்பது வயதிலேயே ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.

பட்டறையில் தூசிக்காக முகமூடி போட வேண்டும். மற்றவர்கள் அதைச் சபித்தார்கள். அவள் தெருவிலும் கழற்றுவதில்லை. வீட்டில் பேசும்போது வலது கை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஒன்பது வருஷத்தில் அந்தப் பணம் நாலைந்து முறை சேர்ந்தது. ஒருமுறை புருஷனின் குடலிறக்க ஆபரேஷனுக்குப் போனது. ஒருமுறை மகனின் படிப்புக்கு. ஒருமுறை கூரை ஒழுகியது. யாரும் அவளிடம் பிடுங்கவில்லை. அவளேதான் கொடுத்தாள். பல் காத்திருக்கும், கூரை காத்திருக்காது என்று நினைத்தாள்.

அன்று முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"அஞ்சு டாக்டருங்க கேக்கறாங்க. வாரத்துக்கு ஒருநாள் நம்ம ஆள் ஒருத்தர் கிளினிக்குக்கு வரணுமாம். நோயாளி முகத்தைப் பாத்து நிறம் எடுக்கணும், மெழுகுப் பல்லை வாயில வச்சுப் பாக்கணும், அவங்க சொல்ற குறையக் கேக்கணும். மாசக் கடைசிக்குள்ள ஆளைச் சொல்லணும். இங்க யாரும் இல்லன்னா வெளியில இருந்து எடுப்பேன்."

மெருகு இயந்திரத்தில் நிற்பவன் தொண்டையைக் கனைத்தான். பட்டறையில் கேலிக்கு அவன்தான் குத்தகை.

"வேலை தெரிஞ்சவங்கன்னா பல்லக்காதான் போகணும். ஆனா மொட்டையன் சீப்பு விக்கப் போன மாதிரி இருக்குமே, பரவாயில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முகமூடிக்குள் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முதலாளியிடம், "இன்னும் பத்து நாள் இருக்கில்ல? அதுவரைக்கும் வெளியில ஆள் தேடாதீங்க" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் பிளாஸ்டர். அவள் செய்த பல் ஒன்று, ஒரு முகத்தில் உட்கார்ந்து சிரித்து, அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பெட்டியில் வைத்து அனுப்புவாள். அதோடு சரி; எது யார் வாய்க்குப் போனது என்று தெரியாது. அந்த வேலை அவளுக்கு வேண்டும். வேறு எவனோ வந்து அவளுடைய பற்களின் சிரிப்பைப் பார்ப்பான் என்பதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

அன்று மாலை பீரோவைத் திறந்தாள். தாளின் கடைசி வரியில் வாஷிங் மெஷின் என்று இருந்தது. மூன்று மாதம் முடிந்து, பணமும் தயாராக இருந்தது. அதை ஒரே கோட்டில் அடித்தாள்.

பஸ் பணிமனையில் டயர் மாற்றும் அவள் புருஷன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப துணி?"

"நீங்க துவைங்க."

"எதுக்கு அடிச்ச?"

அவள் தாளின் உச்சியைக் காட்டினாள். அவர் அதைப் படித்தார். பிறகு சொன்னார்: "பல்லு இல்லாமலே இத்தனை வருஷம் என்னைக் கடிச்சுக் கொதறியிருக்க. இனி நான் எங்க ஓடுறது?"

விஷயம் தெரிந்து நாத்தனார் வந்தாள். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க, அண்ணி?"

"கேரட்டுக்கு" என்றாள் பல்லக்கா.

டாக்டரிடம் போகாமல் தானே செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தாள். காரணம் கேட்ட மெருகுக்காரனிடம், "ஆயிரக்கணக்குல செஞ்சாச்சு, எனக்கு எதுக்குடா டாக்டர்?" என்றாள். உண்மைக் காரணம் வேறு. டாக்டரிடம் போனால் வாயைத் திறக்க வேண்டும்.

பல் வாங்குவதில் அவள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அலமாரியில் இருந்ததிலேயே உயர்ந்த ரகத்தை எடுத்தாள். பல் நிறங்களை வரிசையாகக் காட்டும் ஷேடு கார்டில் முதலாவதாக இருக்கும் வெள்ளை வெளேர் நிறம். முதலாளி பணம் வேண்டாம் என்றார்.

"இனாமா வாங்கினா அது உங்க பல்லு. காசு குடுத்தாத்தான் என் பல்லு. பிடிங்க."

பட்டறைக் கழிவறைக் கண்ணாடி முன் நின்று, தன் வாய்க்குத் தானே அச்சு எடுத்தாள். மெழுகைக் கடித்துத் தாடை மூடும் இடத்தைக் குறித்தாள்; தொழிலில் அதற்குக் 'கடி' என்று பெயர். நான்கு மதிய இடைவேளைகளில் மேல்வரிசையும் கீழே பின்பக்கப் பற்களும் முடிந்தன. சட்டத்தில் பூட்டி மூடியபோது டக்கென்று ஒரே சத்தம். மெருகுக்காரன்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

வாயில் வைத்த மாலை, புருஷன் கதவைத் திறந்து ஒரு நொடி தயங்கினார். "யாரோ விருந்தாளின்னு நெனச்சேன்" என்றார்.

முன்வரிசை உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. பேசினால் காற்று விசிலடித்தது. மூடினால் பின்பற்கள் மட்டும் மோதின. முன்னால் சுண்டுவிரல் போகும் அளவுக்குச் சந்து. ரொட்டியைக் கடித்தாள். ரொட்டியில் பல் பதிந்த அடையாளம் விழுந்தது, துண்டு வரவில்லை. நாத்தனார் பார்த்துவிட்டு, "குதிரை வாங்கலாம்னு இருந்தேன், இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பழகிவிடும் என்று இரண்டு நாள் பொறுத்தாள். ஈறு புண்ணாகியது. சூடான காபி பட்டால் உயிர் போயிற்று. மாசக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. எங்கே பிழை என்று புரியவில்லை. பிளாஸ்டரில் எல்லாம் சரியாக இருந்தது.

அன்று பெட்டியில் வந்த வேலை ஒன்றைப் பிரித்தாள். சட்டத்தில் பூட்டும்போதே தெரிந்தது. வழக்கம்போல அதை அனுப்பிய டாக்டருக்குச் சீட்டு எடுத்து எழுதினாள்: "கடி தப்பு. நோயாளி ரொம்ப நாள் பல் இல்லாமல் இருந்தவர். ஈறால் மென்று மென்று தாடையை முன்னால் தள்ளிப் பழகிவிட்டார். கவனித்து மறுபடி எடுக்க—"

பேனா நின்றது.

முகமூடிக்குள் வாயை மெல்ல மூடினாள். கீழ்த்தாடை தானாக முன்னால் போனது. வருஷக்கணக்கில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி முன் மெழுகைக் கடித்தபோதும் அப்படியே போயிருக்கிறது. முன்னால் நீட்டிய தாடைக்குப் பொருத்தமாகப் பல்லை நட்டுவிட்டாள்; மெல்லும்போது தாடை தன் இடத்துக்குப் பின்வாங்கினால் முன்னால் சந்து விழாமல் என்ன செய்யும்? அச்சையே பார்த்துப் பழகிய கண், தன் வாயைப் பார்க்கவில்லை. இத்தனை டாக்டர்களுக்கு எத்தனை சீட்டு எழுதியிருப்பாள்!

தன் செட்டைக் கழற்றிச் சீட்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு, நேராக ஒரு கிளினிக்குக்குப் போனாள். அவள் சீட்டுகள் அதிகமாகப் போன கிளினிக் அது. மற்ற நோயாளிகளைப் போலவே கட்டணம் கட்டி, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்தாள்.

டாக்டர் அவளைவிட இருபது வயது சின்னவள். பட்டறையின் பெயரைக் கேட்டதும் புருவத்தை உயர்த்தினாள்.

"நீங்கதானாம்மா அந்தச் சீட்டு எழுதுறது?"

"நான்தான், டாக்டர்."

"'பிளாஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது'ன்னு போன வாரம்கூட ஒண்ணு வந்துச்சு. உங்க பெட்டியைத் திறக்கும்போதே எனக்குப் பரீட்சை ரிசல்ட் பாக்கற மாதிரி இருக்கும், தெரியுமா?"

பல்லக்கா பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் சீட்டைப் படித்தாள். பிறகு செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்குச் செஞ்சது?"

"எனக்கு."

"யார் கடி எடுத்தது?"

"நானே."

டாக்டர் சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டாள். பிறகு விட்டுவிட்டாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை இழுத்தாள். "சரி, வாயைத் திறங்க."

பல்லக்காவின் வலது கை வாய்க்குப் போயிருந்தது. ஒன்பது வருஷத்தில் புருஷனுக்குக்கூடக் காட்டாத வாய்.

"கையை எடுங்கம்மா."

"எடுக்கிறேன். ஒரு நிமிஷம் குடுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். பல்லக்கா இடது கையால் வலது கையைப் பிடித்து, ஒரு பொருளை எடுத்து வைப்பது போல, நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நாக்கு நுனியை மடிச்சு அண்ணத்துல பின்னால தள்ளி வைங்க. அப்படியே மெதுவா மூடுங்க. அவசரமில்ல."

தாடை பின்னால் போனது. இவ்வளவு பின்னாலா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறந்துபோன வீட்டுக்குள் நுழைந்தது போல அது தன் இடத்தில் உட்கார்ந்தது.

"இதுதான். இப்ப மெழுகு வைக்கிறேன். நகராதீங்க" என்றாள் டாக்டர்.

இரண்டாவது செட்டை இரண்டே நாளில் செய்தாள். இந்த முறை வெள்ளை வெளேரை எடுக்கவில்லை. விளக்கடியில் கண்ணாடி வைத்து, தன் கீழ்ப்பற்களோடு ஒப்பிட்டு, கார்டின் நடுவிலிருந்து கொஞ்சம் பழுத்த நிறமாகத் தேர்ந்தாள். கோரைப் பல் ஒன்றை வேண்டுமென்றே லேசாகத் திருப்பி நட்டாள். சின்ன வயதில் அவளுக்கு அது அப்படித்தான் இருந்தது. பல்லுக்கு இன்னொரு முறை பணம் கட்டினாள். முதல் செட்டை உடைக்கவில்லை. மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டாள்.

மெருகு போடும் நேரம் வந்ததும் மெருகுக்காரன் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். தேய்த்து, கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நீட்டினான்.

"மொட்டையனுக்கு முடி முளைச்சிருச்சு, அக்கா."

"சீப்பு விக்கப் போறேன், வழிய விடு."

மாசக் கடைசி நாள் முதலாளியின் அறைக்குள் போய் முகமூடியைக் கழற்றினாள். கை வாய்க்குக் கிளம்பியது. பாதியில் நிறுத்தி, மேஜை மேல் ஊன்றிக்கொண்டாள்.

"கிளினிக்குக்கு நான் போறேன். வேற ஆள் வேண்டாம்."

விசில் இல்லை. முதலாளி அவள் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். அட்டவணையை எடுத்தார்.

"எந்த டாக்டர்கிட்ட ஆரம்பிக்கிற?"

"என்னைப் பாத்துச் சிரிச்சவங்ககிட்ட."

வீட்டுக்கு வந்ததும் தாளின் உச்சியில் புள்ளி வைத்தாள். வாஷிங் மெஷின் என்று கடைசியில் மறுபடி எழுதினாள். புருஷன் ஈரக் கையோடு வந்து நின்றார்.

"ஏற்கெனவே மூணு மாசம் ஆயிடுச்சே அதுக்கு?"

"அடிச்சது அடிச்சதுதான். புதுசா எண்ணணும்."

முதல் நாள் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இறுக மூடிய உதடு. கூட வந்த மகள், "மூணாவது தடவை கூட்டிட்டு வர்றேன். நாற்காலியில உக்காந்ததும் வாயைப் பூட்டிக்கிறாரு. ஏம்ப்பா, காட்டுனாத்தானே செய்வாங்க?" என்றாள். கண்டக்டர் சுவரைப் பார்த்தார். அவருடைய வலது கை வாயின் மேல் இருந்தது.

பல்லக்கா அந்தக் கையைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். பிறகு தன் மேல்வரிசையைக் கழற்றிக் குழாயில் கழுவி, வெள்ளைத் துணியில் வைத்து அவர் மடியில் வைத்தாள். குழிந்த உதட்டோடு, கையை எங்கும் கொண்டுபோகாமல், அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"நானே எனக்குச் செஞ்சது, ஐயா. ரெண்டாவது" என்றாள். கழற்றிய வாயில் சொற்கள் வழுக்கின. "மொதலாவது இது."

பையிலிருந்து குதிரைச் செட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

கண்டக்டர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டா தெருவுல போனீங்க?" என்றார். கேட்கும்போது கை இறங்கிவிட்டது.

"ரெண்டு நாள். நாத்தனார் லாயம் கட்டப் பாத்தா."

அவர் வாய் திறந்தது. அவள் ஷேடு கார்டை எடுத்தாள்.

இரண்டு வாரத்தில் செட் தயாரானது. கண்டக்டர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் வெகுநேரம் முறைத்தார். மகள் பொறுமையிழந்து, "எப்படிப்பா இருக்கு, சொல்லேன்" என்றாள்.

"உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத!" என்று அவர் ஓர் அதட்டல் போட்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திய அதே குரல். காத்திருப்பு அறையில் இருந்த இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். மகள் சிரித்தாள். அதைப் பார்த்து அவரும் சிரித்தார். மேல்வரிசையின் பதினான்கு பல்லும் தெரிந்தன.

பல்லக்கா குனிந்து பார்த்தாள். இடதுபுறம் நான்காவது பல் ஒரு மயிரிழை உயரம். பிளாஸ்டரில் அது தெரிந்திருக்காது. சிரித்தால்தான் தெரியும்.

அரத்தை எடுத்துக்கொண்டு, "நிறுத்தாதீங்க, ஐயா" என்றாள். "அப்படியே சிரிச்சுக்கிட்டே இருங்க."