சிவப்புச் சாயம் பூசிய மந்தை

என் வீட்டுக்காரர் பூவனநாதனுக்கு எதிலும் அவசரம். சோறு ஆறுமுன் வாயைச் சுட்டுக்கொள்கிற மனுஷர். அவருடைய அக்கா சொர்ணத்தாய் மதினி நேர்மாறு. கல்யாணம் வேண்டாமென்று பசுவந்தனைக் கரிசலில் ஆடு மேய்த்தே ஐம்பதைத் தாண்டியவர். ஆடுகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவார்; என்னை மட்டும் ‘ஏட்டி’.

போன ஆடியில் மதினிக்குக் குடலில் புற்றுநோய் என்றார்கள். மதினி அசரவில்லை. அதே நோய் வந்த தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை அழகிரிசாமி அண்ணாச்சி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் புது ஊசி போட்டுக்கொண்டு இப்போது சைக்கிளில் பறக்கிறார். என் வீட்டுக்காரருக்கு அது போதாதா? அக்காவுக்கும் அந்த ஊசிதான் என்று முடிவுகட்டி, பரிசோதனை முடிவு வருமுன்பே ஊசிச் செலவுக்கு மந்தையை விற்க ஆட்டு வியாபாரியைக் கூட்டிவந்துவிட்டார். எங்கள் பக்கம் விலை படிந்த ஆட்டின் முதுகில் வியாபாரி சிவப்புச் சாயம் பூசுவார். பூசிவிட்டால் பேச்சு முடிந்தது. அன்று மந்தை முழுக்கச் சிவப்பு. நோய் என்றபோது அழாத மதினி அப்போதுதான் அழுதார். எனக்கு இவரைக் கடித்துத் துப்பலாம்போல் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, அந்த ஊசி மதினிக்குக் கேட்காது என்றார். இவர் விடுவாரா? அழகிரிசாமிக்கு மட்டும் எப்படிக் கேட்டது என்று சண்டைக்கே போய்விட்டார். பாவம், அந்தம்மா பொறுமையாகச் சொன்னார். உடம்பிலுள்ள காவல் அணுக்களைப் புற்று, காவல் நாயைக் கட்டுகிற மாதிரி கட்டிப்போடுமாம். ஊசி அந்தக் கட்டை அவிழ்க்கும், அவ்வளவுதான். கடிக்க வேண்டியது காவல்தான். அழகிரிசாமியின் புற்று தாறுமாறாக மாறிப்போன வகை; அந்நியன் என்று காவலுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. மதினியுடையது அவ்வளவாக மாறாமல் சொந்த அணு மாதிரியே இருப்பதால், கட்டை அவிழ்த்தாலும் காவல் அதன் பக்கமே போகாதாம். குடல் புற்றில் பெரும்பாலும் இந்த வகைதானாம்.

மதினி சிரித்துவிட்டார்.

“தாயில்லாக் குட்டி மேல வேற ஆட்டுப் பாலைத் தடவி விடுதோம்லா டாக்டரம்மா, மோந்து பாத்துட்டு தன் குட்டின்னு அது பால் கொடுக்கும். என் உடம்பும் அப்படித்தான் ஏமாந்து கெடக்கா?”

“அப்படித்தாம்மா. ஆனா நோய் வேற இடத்துக்குப் பரவலை. ஆபரேஷனும் வழக்கமான கீமோவும் செய்வோம். காப்பீட்டு அட்டையிலேயே பார்த்துக்கலாம்.”

“அப்ப என் ஆட்டை விக்க வேண்டாம்லா?”

பிழைப்பேனா என்று கேட்கவில்லை. ஆட்டைத்தான் கேட்டார்! நான் டாக்டரம்மா முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆடு விற்பதற்கில்லை என்றதும் வியாபாரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். கீமோவில் மதினிக்கு முடி கொட்டியது, வாய் கசந்தது. தெம்பிருந்த நாளெல்லாம் மந்தையைப் பார்க்கப் போய்விடுவார். ஐப்பசி மழையில் ஆடுகளின் சாயம் கரைந்து கரிசலோடு போயிற்று.

தை மாதம் ஸ்கேன் பார்த்து, நோயின் தடயமே இல்லை, விடாமல் பரிசோதனைக்கு மட்டும் வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் அதே வியாபாரி, இரண்டு கிடாயாவது கிடைக்குமா என்று சாய டப்பாவோடு நிற்கிறார். மதினி டப்பாவைப் பிடுங்கி, கை நிறையச் சாயம் எடுத்துத் தம்பியின் வெள்ளைச் சட்டை முதுகில் அப்பினார்.

“இந்தக் கிடாயை ஓட்டிட்டுப் போங்க அண்ணாச்சி. பேச்சு முடிஞ்சுது.”

தெருவே சிரித்தது. இவரும் சிரித்தார், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்தச் சட்டையை இன்றுவரை என்னைத் துவைக்க விடவில்லை.