வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

மகளுக்கு அப்போது ஏழு வயது. தலைக்குள், பின்பக்கமாக, கட்டி ஒன்று இருப்பது படத்தில் தெரிந்தது. மருத்துவர் எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். முழுவதையும் வெட்டி எடுக்கலாம், பேச்சும் நடையும் போகக்கூடும். பாதியை எடுத்து மீதிக்குக் கதிர்வீச்சுக் கொடுக்கலாம், வளரும் மூளை என்பதால் படிப்பு பின்தங்கலாம். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், அதற்குள் கட்டி பெருத்துவிடவும் கூடும். எதுவென்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவேண்டும். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கோ மூன்று பக்கமும் சுவர், நாலாம் பக்கம் அவர்.

விரி என்ற புறநகரில் நான் சாமான் அடுக்கிய கிடங்கில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்த தமிழ்நாட்டு அக்கா ஒருத்தி, "யோசிச்சிக்கிட்டே இருந்தா கட்டிக்குத்தாங்க லாபம்" என்றாள். சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகும்வரை அழுகையும் வந்தது.

மனைவியும் நானும் மூன்று நாள் வாக்குவாதப்பட்டோம். சமையலறையில், காரில், பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். தமிழ் அவளை விட்டுப் போய்விட்டது என்று நாங்களே முடிவு கட்டி, தமிழுக்குள் ஒளிந்துகொண்டோம்.

வியாழன் பின்னேரம் ரானுயியில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது மோட்டர்வேயில் வாகனங்கள் அசையவில்லை.

"நடக்காட்டியும் பரவாயில்லையப்பா, மூளை வேணும்" என்றாள் மனைவி.

"கதைக்க ஏலாமல் போனால் என்ன செய்வீர்?"

பின் சீற்றிலிருந்து குரல் வந்தது. இரண்டு வருடமாக நாங்கள் கேட்காத தமிழ்.

"படிப்பு வராட்டி பரவாயில்லை அம்மா. எனக்குக் கதைக்க வேணும்."

முன்னாலும் வாகனம், பின்னாலும் வாகனம். காரை ஓரமாக்கி அவளைத் தூக்கக்கூட இடமில்லை. எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்து என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மனைவி பின்னுக்குக் கை நீட்டி அவள் காலைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை.

வெள்ளிக்கிழமை மூவருமாகப் போனோம். இரண்டாவது வழி என்று மருத்துவரிடம் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் எங்கள் முடிவைச் சுமத்திவிட்டோமா என்று யோசித்தபடியே சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். எனது ஆங்கிலத்தில் நம்பிக்கை இல்லாத மனைவி, "சரியாத்தானே சொன்னீங்கள்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறக்கமுதல் மகள் சொன்னாள், "ஓம்."