தெரசம்மாள் பார்க்காத முடிவுகள்

ஏற்காட்டு மலையில் வாழவந்திப் பக்கத்துக் காபி எஸ்டேட் ஒன்றில், சேலத்துக் கொட்டகையில் ஓடும் படம் தேறுமா தேறாதா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் தெரசம்மாள். பழம் பறிக்கும் மற்றப் பெண்கள் மலையை விட்டு இறங்குவது கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான். இவளோ மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை குட்டி கிடையாது. கேட்பார் யார்?

திங்கட்கிழமை பறிப்பில் நடு வரிசை அவளுக்கு. இரண்டு பக்கமும் காது கேட்க வேண்டுமே. வாய் ஓடத் தொடங்கினால் கை தன்னால் நின்றுவிடும். அதனால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு பிடி பழத்தை அவள் இடுப்புப் பையில் போடுவார்கள். மேஸ்திரி சின்னசாமி பார்த்தும் பாராதவர்போல நிற்பார். அவருக்கும் கதை கேட்க வேண்டும்.

"மரத்தச் சுத்திச் சுத்தி ஓடிப் பாடறானுங்க, ஒருத்தனுக்காச்சும் மூச்சு வாங்குதா? நம்ம கரடியூர் ஏத்தத்துல ஓடச் சொல்லோணும்" என்பாள். டவுனைப் பற்றியும் அவளிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. "அங்க எல்லாருக்கும் அவசரம். எங்க போறீங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. காப்பின்னு ஒண்ணு குடுத்தான் பாருங்கடி, நாம பறிச்ச பழத்துக்கு அப்பிடி ஒரு கதி வரக்கூடாது."

இப்படிப்பட்ட தெரசம்மாளிடம் ஒரு ரகசியம் இருந்தது. அவள் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்தது கிடையாது. மேட்னி முடிவதற்குள் மலைக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும். கதை உச்சத்துக்குப் போகிற நேரத்தில் இவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிக்கொண்டிருப்பாள்.

அதற்கப்புறம்தான் அவளுடைய படம் ஆரம்பமாகும். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, கீழே சேலத்து விளக்குகள் இந்தச் சன்னலை விட்டு அந்தச் சன்னலுக்குப் போகும். மூடுபனி உள்ளே நுழைந்து சீட்டெல்லாம் நிறையும். அரைக்கண் மூடிக் கிடப்பாள். படத்தில் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் அப்போது ஒவ்வொருவராக வந்து ஏறுவார்கள். ஈரத் தலையோடு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "இனி நான் எங்க போறதுங்க அக்கா?" என்பாள். ஏற்காடு வருவதற்குள் தெரசம்மாள் அவளுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்துவிடுவாள். விடிந்தால் எது பார்த்தது, எது தானாக வந்தது என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல வராது. இதைப் பொய் என்பவர்கள் ஒரு தடவை அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஒரு படத்தில், புருஷனிடம் அடிபட்ட ஒருத்தி கைக்குழந்தையோடு கொட்டும் மழையில் தெருமுனையில் நின்றாள். அந்த இடத்தில் தெரசம்மாள் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. பஸ்ஸில் அந்தப் படத்துப் பெண்ணுக்கு ஒரு மலையூரில் வேலை கிடைத்தது, குழந்தை வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது. திங்கட்கிழமை அதைக் கேட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செம்மநத்தத்துக் கண்ணம்மாள் மட்டும் துடைத்துக்கொள்ளவில்லை. அவள் முதுகில் புருஷன் ஐயாக்கண்ணுவின் பெல்ட் தழும்பு இருந்ததை எஸ்டேட் முழுக்க அறியும். அந்த வாரமே மகளைத் தூக்கிக்கொண்டு தாய் ஊட்டுக்குப் போய்விட்டாள். ஊர்ப்பெரியவர்கள் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. "தெரசக்கா சொன்ன படத்துல அவ பொழைச்சுக்கிட்டாளே, நான் பொழைக்க மாட்டனா?" என்றாளாம்.

இது காதில் விழுந்ததும், அந்த முடிவு தன் கைச்சரக்கு என்பது தெரசம்மாளுக்கு உறைத்தது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தை மாசம், பறிப்பு முடிந்த சந்தோஷத்தில் எஸ்டேட் முதலாளி காபி உலர்த்தும் களத்தில் திரை கட்டிப் படம் போட ஏற்பாடு செய்தார். எந்தப் படம் என்று சின்னசாமி வந்து சொன்னார். அதே படம்.

பொழுது சாய்ந்ததும் களம் நிறைந்துவிட்டது. மூடுபனி இறங்கி, படம் காட்டும் மிஷினிலிருந்து போகும் வெளிச்சம் பால் ஓடை மாதிரி தலைக்கு மேலே மிதந்தது. கம்பளிக்குள் சுருண்டிருந்த தெரசம்மாள் ஒன்றையும் ரசிக்கவில்லை. முன்னால், தாய் ஊட்டிலிருந்து வந்திருந்த கண்ணம்மாள், மடியில் மகள். கொஞ்சம் தள்ளி ஐயாக்கண்ணு, புதுச் சட்டையில்.

மழை வந்தது. தெருமுனை வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்கு அப்புறம் என்ன என்று தெரசம்மாள் பார்த்தாள். திரையில் இருந்தவள் திரும்பி நடந்து புருஷன் காலில் விழுந்தாள். அவன் மனம் மாறினான். அவள் அவன் மடியில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போனாள். களமே தேம்பியது.

'பாவி, இந்தப் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டேனே' என்று தெரசம்மாள் தன்னையே திட்டிக்கொண்டாள். தவழ்ந்து போய்க் கண்ணம்மாள் தோளைத் தொட்டாள்.

"கண்ணு, நான் முடிவப் பாக்கலடி. பஸ்ஸுக்கு ஓடியாந்துட்டேன். நாஞ் சொன்னதெல்லாம் நானாச் சொன்னது."

கண்ணம்மாள் திரும்பினாள். பதில் சொல்வதற்குள் ஐயாக்கண்ணு வந்து நின்றுவிட்டான். கண்கள் சிவந்திருந்தன. படம் பார்த்து நிஜமாகவே அழுதிருக்கிறான், அதைப் பொய் என்று சொல்வதற்கில்லை.

"பாத்தியில்ல புள்ள? படத்துல பொம்பள எப்பிடி நடந்துக்கிட்டான்னு? எந்திரிச்சு வா, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

தெரசம்மாள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணம்மாள் மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தாள்.

"நானும் நொம்ப நல்லாப் பாத்தேனுங்க" என்றாள். "திரும்பிப் போனா. செத்துப்போனா."