தண்ணீரின் வாசனை

யானைக் குலத்தில் பிறந்த கெனோசிக்கு யானை என்றாலே குலை நடுங்கும். பதினோரு வருடங்களாக அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை.

செரோங்கா கிராமத்தில், சோளக்கொல்லைக் காவலுக்குப் போன அவள் கணவனை ஓர் ஒற்றை யானை பட்டப்பகலில் மிதித்துக் கொன்றது. புதைகுழியின் விளிம்பில் நின்று மாமியார் அலறினாள்.

"உன் ஆளுங்கதாண்டி என் புள்ளைய கொன்னாங்க. போ, உன் சொந்தக்காரங்ககிட்டயே போய் இரு."

யானை இறைச்சி தொடாத குலம். யானையைப் பேர் சொல்லி வாழ்த்துகிற குலம். அந்தக் குலத்துப் பெண்ணின் கணவனையே யானை பறித்துக்கொண்டது. கெனோசி என்ற பெயருக்கு 'நான் தனியாள்' என்று அர்த்தம். பெற்றவர்கள் என்ன நினைத்து வைத்தார்களோ, அது அப்படியே பலித்துவிட்டது. ஒன்பது வயது மகள் சேதுன்யாவை அக்காவிடம் விட்டுவிட்டு, மவுன் நகருக்கு லாரி ஏறினாள்.

விதிக்கு ஈவிரக்கம் கிடையாது. அவளுக்குக் கிடைத்த வேலை, மிருகம் பார்க்க வரும் சுற்றுலா விருந்தாளிகளுக்காகக் காட்டுக்குள் இடம் மாறி மாறிக் கூடாரம் போடும் குழுவில் சமையல். அந்தக் குழுவின் வழிகாட்டியும் முதலாளியும் ஒலெபிலே என்பவன். முதல் நாளே அவன் கண்டிப்பாகச் சொன்னான்.

"பயந்தாங்கொள்ளி என் முகாம்ல வேணாம். ஒருத்தர் ஓடினா மிருகம் எல்லாரையும் மிதிக்கும். உனக்குப் பயம் உண்டா?"

"நான் யானைக் குலம், அண்ணே," என்றாள் கெனோசி.

அவன் சிரித்துவிட்டு வேலை கொடுத்தான். அந்த ஒரு பொய்யின் மேல்தான் அவள் பிழைப்பு நின்றது. மகளின் ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் அதன் மேல்தான் நின்றது. பகலெல்லாம் ரொட்டி மாவைப் பிசைவாள். கிளை முறிகிற சத்தம் கேட்டால் கை நிற்கும். உடனே சும்மா ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொள்வாள். பாட்டு எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் மாதம். மழை வர இன்னும் மூன்று வாரமாவது ஆகும். மபாபே பக்கத்து மோபானே மரக்காடு சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில் விருந்தாளிகள் ஆறு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஒலெபிலே சிங்கம் தேடிப் போய்விட்டான். பொழுது சாய்வதற்குள் புது இடத்தில் முகாம் தயாராக இருக்க வேண்டும். லாரி ஓட்டுகிற டிடிரோ, பாதிச் சாமானையும் கெனோசியையும் மொடிசேயையும் புது இடத்தில் இறக்கிவிட்டு, மீதியை எடுத்துவரப் பழைய முகாமுக்குத் திரும்பினான்.

மொடிசே கூடாரம் கட்டுகிறவன். வாய் ஓயாதவன்.

"அக்கா, இந்தப் பக்கம் சாணி புதுசா கெடக்கு. உங்க பெரியப்பா வீட்டாளுங்க வந்துட்டுப் போயிருக்காங்க போல."

"நீ குரங்குக் குலம்தானே. மரத்துல ஏறி எங்க பெரியப்பா எந்தப் பக்கம் போனார்னு பாத்துச் சொல்லு."

"ஏறினா எறங்க மாட்டேன். மேலயே பொண்ணு பாத்துக் கல்யாணம் பண்ணிக்குவேன்."

கெனோசி சிரித்தாள். சிரித்தபடியே அந்தச் சாணியைக் காலால் புரட்டிப் பார்த்தாள். உள்ளே ஈரம். போட்டு வெகுநேரம் ஆகவில்லை; அவள் ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பதற்றத்தில்தான் அவள் தப்புச் செய்தாள். வறண்ட காட்டில் குளியல் வாளியை, விருந்தாளி துண்டோடு வந்து நிற்கும்போதுதான் நிரப்ப வேண்டும். அதுவரை டிரம்மின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீரின் வாசனை யானையை இழுத்து வரும்; முகாம்காரர்கள் எல்லாருக்கும் இது பால பாடம். ஆனால் இருட்டியபின் வாளி தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போக அவளுக்குத் துணிவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்தாள். குளியலுக்குத் துணித் தட்டி கட்டி மறைத்த மரத்தில் மூன்று வாளிகளை நிரப்பி, கயிறு போட்டு ஏற்றித் தொங்கவிட்டாள். வழிந்த தண்ணீர் மண்ணில் சுரீரென்று இறங்கியது.

மூன்று மணி இருக்கும். மொடிசே அந்தத் தட்டிக்குள் குனிந்து, கால் வைக்கும் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தான். கெனோசி முப்பது அடி தள்ளி, சமையல் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை. நிமிர்ந்தபோது அவை நின்றன.

மூன்று பெண் யானைகள், ஒரு குட்டி. தும்பிக்கைகள் தட்டிக்கு மேலே நீண்டு வாளிகளைத் தடவின. முதல் வாளி கவிழ்ந்தது. குட்டி ஈர மண்ணை உறிஞ்சிக்கொண்டு தட்டியோடு ஒட்டி நின்றது. தட்டிக்கு ஒரே வாசல். அந்த வாசலில் தாய் நின்றாள். உள்ளே மொடிசே. துணி இடுக்கில் அவன் கண்கள் மட்டும் கெனோசிக்குத் தெரிந்தன. அந்த வாய்க்காரனின் வாய் திறந்தே கிடந்தது. அவன் கொஞ்சம் அசைந்தால் போதும், குட்டிக்கு ஆபத்து என்று தாய் நினைத்துவிடுவாள்.

கத்தலாமா? குரல் வரவில்லை. ஓடலாமா? கால்கள் அவளுடையவையாக இல்லை. செரோங்கா கொல்லையில் கிடந்த கணவனின் ஒற்றைச் செருப்புதான் கண்ணெதிரே வந்தது. மற்ற வாளிகளும் காலியானால், தும்பிக்கை தட்டிக்குள் நுழையும். வாளியை ஏற்றியவள் அவள்தான்.

அவளுக்குப் பின்னால் இரண்டு டிரம்கள் கட்டை மேல் படுத்திருந்தன. பத்து வயிறுகளுக்கும் ஜீப் ரேடியேட்டருக்கும் சேர்த்து மூன்று நாள் தண்ணீர்.

கெனோசி மண்டியிட்டாள். நிற்க முடியாததால் தவழ்ந்தாள். அழுகை வாய்வரை வந்து, உதட்டைக் கடித்ததில் ரத்தமாக இறங்கியது. மூடியைப் பிடித்தாள். விரல் வழுக்கியது. பாவாடையைச் சுற்றித் திருகினாள். தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டு சரிவில் ஓடியது. இரண்டாவதையும் திறந்துவிட்டாள்.

மூன்று தும்பிக்கைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தண்ணீர் போகிற இடத்துக்கு யானை வரும், தண்ணீர் இருப்பது அவள் காலடியில். மேசைக்கு அடியில் உருண்டு, மேசைக் காலைக் கட்டிக்கொண்டாள். நிலம் அதிர்ந்தது. ஒரு பாதம் மாவு டப்பாவை நசுக்கி, அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி ஊன்றியது. பாதத்தின் வெடிப்புகளில் காய்ந்த சேறு தெரிந்தது. வெந்த புல் நாற்றமடிக்கும் மூச்சு அவள் முதுகில் பட்டது. பாவாடை நனைந்தது, அது டிரம் தண்ணீர் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மொடிசே தட்டியின் பின்பக்கத்தைக் கத்தியால் கிழித்துக்கொண்டு, கறையான் புற்றின் மறைவுக்கு ஊர்ந்து போவது தெரிந்தது. அவன் பிழைத்தான். அதற்குப் பிறகு அவள் கண்ணைத் திறக்கவில்லை.

கடைசிச் சேறுவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, அவை வந்ததைப் போலவே சத்தமில்லாமல் போயின. மொடிசே ஓடி வந்து, மேசைக் காலைப் பற்றிய அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

"அக்கா, உங்களுக்கு இவ்ளோ பயமா?"

அவள் ஈரப் பாவாடையைக் காலோடு இழுத்து மூடிக்கொண்டாள்.

"தண்ணிய நான் கொட்டிட்டேன்னு சொல்லிடறேன். அண்ணன் என்னைத் திட்டிட்டு விட்டுடுவார். நீங்க துணி மாத்துங்க."

சாயங்காலம் ஜீப் வந்தது. காலி டிரம்களைப் பார்த்த ஒலெபிலேயின் முகம் கறுத்தது.

"யாரு வேலை இது?"

மொடிசே முன்னே வந்தான். "அண்ணே, நான்தான்..."

"அவன் இல்ல," என்றாள் கெனோசி. "வாளிய முன்னாடியே ரொப்பினது நான். தண்ணிய ஓட விட்டதும் நான். எனக்கு யானைன்னா பயம், அண்ணே. உங்ககிட்ட வேலைக்குச் சேந்த அன்னிக்கும் பயம், இன்னிக்கும் பயம். பொய் சொல்லித்தான் இத்தனை வருஷம் உங்க சோத்தைத் தின்னேன். காலையில லாரி தண்ணிக்குப் போறப்ப நானும் ஏறிக்கிறேன்."

ஒலெபிலே கிழிந்த தட்டியைப் பார்த்தான். மேசைக்கு அருகில் பதிந்திருந்த பாதச்சுவட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கும் அவள் கிடந்த இடத்துக்கும் நடுவே கையை வைத்து அளந்தான். ஒரு சாண்தான்.

"பயந்தா ஓடுவாங்கன்னு நெனச்சுதான் அந்தச் சட்டம் போட்டேன்," என்றான் மெல்ல. "நீ ஓடல. மொடிசே உசுரோட நிக்கிறது உன்னாலதான்." எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "லாரி தண்ணிக்கு மட்டும் போகும். நீ எங்கயும் போகல. இனிமே வாளி எப்ப ஏறணும், அடுப்பு எங்க இருக்கணும்னு நீதான் சொல்லணும். உன் சொல்லுக்கு அப்புறம்தான் நான் கூடாரத்த இறக்குவேன்."

கெனோசிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்தது. கணவனைப் புதைத்த அன்றுகூட இப்படி அழுததில்லை.

பயம் போய்விடவில்லை. அடுத்த இடத்தில் அவள் ஒரு மரத்தடியை வேண்டாமென்றாள், இன்னொன்றையும் வேண்டாமென்றாள். மூன்றாவதிலும் அவள் தலையை ஆட்ட, டிடிரோ ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இங்க என்னக்கா கொறை?" என்றான் மொடிசே.

"பயமா இருக்குடா," என்றாள், வாய்விட்டு.

மொடிசே கேலி செய்யவில்லை. இறக்கிய மூட்டையை மறுபடி லாரியில் ஏற்றினான்.