மூன்று மணிக்குக் கொட்டவேண்டிய இறால்

அந்த இறால் தட்டின் மேலிருந்த நேரச் சீட்டைக் கிழித்துவிட்டு, வேறு சீட்டு ஒட்டியவன் நான். ஜெரோம் இல்லை. நான்தான்.

இந்த வரிகளை எழுத எனக்கு எட்டு வருடங்கள் ஆகியிருக்கின்றன. எழுதிய பிறகு மனம் லேசாகிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். லேசாகவில்லை.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கக்கூடும். மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஓட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரனாக இருக்கிறேன். வெள்ளைக் கோட்டோடு உங்கள் மேசைக்கு வந்து, சாப்பாடு எப்படி இருந்தது என்று விசாரித்திருப்பேன். நீங்களும் மரியாதைக்கு நன்றாக இருந்தது என்று சொல்லியிருப்பீர்கள். என் சமையலறையில் எந்தப் பண்டமும் நேரம் தாண்டி வெளியே வராது. இந்த விஷயத்தில் நான் கறார் பேர்வழி என்று ஊரே சொல்கிறது. ஏன் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை...

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் ஜெரோமும் ஒன்றாகக் கப்பலுக்குப் போனோம். நான் திருப்போரூருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தான், கேட்டரிங் படித்தவன். அவன் கோவளம், மீனவர் வீட்டுப் பிள்ளை, என்னைவிட இரண்டு வயது சிறியவன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் அவன் கைக்கு ஒரு ருசி உண்டு. மாமல்லபுரத்து ஓட்டலில் ஒன்றாக வேலை பார்த்தபோது, கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட்டிடம் அவனையும் அழைத்துப் போனது நான்தான். அண்ணாத்த அண்ணாத்த என்று என் பின்னாலேயே வந்தான்.

அது சரக்குக் கப்பல் இல்லை. பணக்காரர்கள் பத்து நாள், பதினைந்து நாள் என்று சும்மா சுற்றிப் பார்ப்பதற்கான உல்லாசக் கப்பல். அதில் சாப்பிடுவதுதான் முக்கால்வாசி வேலை. வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய சாப்பாட்டுக் கூடம் ஒன்று, மேல்தளத்தில் காலையிலிருந்து இரவு வரை ஓயாத பஃபே, நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பொரித்த அயிட்டங்கள், தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிட ஒரு சின்ன உணவகம். வாரத்தில் ஒருநாள் இந்தியச் சாப்பாடு என்று மஞ்சளாக ஒரு குழம்பு வைப்போம். அதில் காரமும் இருக்காது, புளிப்பும் இருக்காது. ஜெரோம் அதை முகர்ந்துவிட்டு, "காய்ச்சல்காரனுக்குக் கூட இத்தக் குடுக்க மாட்டாங்க அண்ணாத்த" என்பான்.

பஃபேயில் ஒரு சட்டம் இருந்தது. மேசைக்கு வரும் ஒவ்வொரு தட்டிலும், அது எப்போது வெளியே வந்தது என்று எழுதிய சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். நான்கு மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும். பொன்னாக இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும். அதோடு விட்டார்களா? யார் பொறுப்பில் எத்தனை தட்டு வீணானது என்று செஃப் ஒரு பலகையில் தட்டுக்கு ஒரு கோடாகப் போட்டு மாட்டுவார். யார் பெயருக்கு நேரே கோடுகள் குறைவோ, அவனுக்கு அடுத்த ஒப்பந்தத்தில் பதவி உயர்வு.

அந்த மாதம் என் பெயருக்கு நேரே கோடுகள் அதிகம்.

அன்று பதினொரு மணிக்கு இறால் சாலட் வைத்தேன். மயோனைஸ் போட்டுப் பிசறிய இறால். வெயில் தாங்காத பண்டம். மூன்று மணிக்குப் பார்த்தால் முக்கால் தட்டு அப்படியே இருந்தது. உழைத்துப் பிடித்த இறாலைக் கொட்ட மனம் வரவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? அது பொய். எனக்குப் பதவி வேண்டும். அவ்வளவுதான்.

சீட்டைக் கிழித்தேன். தட்டைக் குளிர் அறையில் வைத்தேன். மேலே கொஞ்சம் புது மயோனைஸும் எலுமிச்சையும் விட்டுக் கிளறினேன். மாலை ஐந்து மணிக்குப் புதுச் சீட்டோடு மறுபடி மேசையில் வைத்தேன்.

முதலில் வந்தது அந்த அம்மாள்.

அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தனியாகப் பயணம் வந்தவர். வெண்ணெயும் க்ரீமும் அவர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அத்தனை பண்டங்களுக்கு நடுவே வெறும் தட்டோடு நின்றவரைப் பார்த்துவிட்டு, ஜெரோம் அரிசியைக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, கஞ்சியாக ஒரு கோப்பையில் கொடுத்தான். மறுநாள் அதையே கேட்டு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். பாஷை தெரியாது இவனுக்கு. அவர் இவன் கன்னத்தைத் தட்டுவார், இவன் இளிப்பான். அது போதுமாயிருந்தது இருவருக்கும்.

அன்று மாலை அவருக்கு உடம்பு தெம்பாக இருந்தது போல. இறாலைப் பார்த்து ஆசைப்பட்டார். கரண்டியை எடுத்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து, இது புதியதா என்று கேட்டார்.

"ஃப்ரெஷ், மேடம்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்...

மறுநாள் விடியும்போது நிறையப் பேருக்கு வாந்தியும் பேதியும். கப்பல் டாக்டரின் அறை வாசலில் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் துறைமுகத்தில் நின்றபோது அந்த அம்மாளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். அவர் தேறவில்லை. ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்று மெஸ்ஸில் யாரோ சொன்னபோது, ஜெரோம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

விசாரணை வந்தது. என் இறால் தட்டு அன்றே காலியாகிக் கழுவப்பட்டிருந்தது. பதிவேட்டில் என் நேரமெல்லாம் சுத்தம். அலமாரி அலமாரியாகத் தேடியவர்களுக்கு, ஜெரோம் வேலை பார்த்த இடத்தில், மாவு டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கிடைத்தது. மூடியைத் திறந்தார்கள். தண்ணீரில் சோறு. மேலே நுரை. புளித்த வாசனை.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பழையசோறு! நம் ஊர்க்காரர்கள் நாலு பேருக்காக, மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி அவன் அந்தப் பக்கெட்டில் வைப்பான். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு குடிப்போம். அந்த மஞ்சள் குழம்புக்கு நடுவே நாங்கள் உயிரோடு இருந்தது அதனால்தான். சட்டப்படி பெரிய குற்றம், தெரிந்தேதான் செய்தோம். அந்த அதிகாரிகளோ அப்படி ஒரு பண்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். தேடியது கிடைத்துவிட்டது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

ஜெரோமைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு ஆங்கிலம் வராது என்பதால் மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்கள்.

என்னை!

"அண்ணாத்த, இவங்களாண்ட சொல்லு" என்றான் அவன். "ஊர்ல தெனம் காலைல இத்தத்தான் துன்றோம். கெட்டுப்போன சோறு இல்ல, வயித்துக்குக் குளிர்ச்சின்னு சொல்லு. நீயே துன்னுகினுதான கீற, உனுக்கு இன்னா ஆச்சு?"

உண்மை. அந்தப் பக்கெட்டில் சாப்பிட்ட எங்களில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. அதை நான் சொல்லியிருந்தால் போதும், அவர்கள் வேறு இடத்தில் தேடியிருப்பார்கள். வேறு இடம் என்றால் என் மேசை.

நேற்றைய சோறு, தண்ணீரில் ஊறவைத்திருக்கிறான், தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறான் என்று மொழிபெயர்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மீதியைச் சொல்லவில்லை.

பயணிகளின் உணவுக்கும் இதற்கும் ஒரே கரண்டியா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். எப்படிக் கேட்டேன் தெரியுமா? "ஏண்டா, அந்தம்மாவுக்குக் கஞ்சி ஊத்தினியே, இதே கரண்டியாடா?" என்றேன். அதிகாரி அந்த அம்மாளைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதை நடுவில் நுழைத்தது நான்.

அவன் முகம் மாறியதை இப்போதும் பார்க்கிறேன். அதுவரை தைரியமாக நின்றவன். "தெரிலியே அண்ணாத்த..." என்றான். "கழுவிட்டுத்தான் போட்டேன்னு நெனைக்கிறேன். கழுவனனா? தெரிலியே..."

அவனுக்கு நிச்சயமில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த துறைமுகத்தில் அவனை இறக்கி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கெட்டில் வேறு யார் யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டதற்கு அவன் ஒரு பெயரும் சொல்லவில்லை. இறங்கும்போது என்னிடம், "என்னால உன் பேரு கெட்டுச்சா அண்ணாத்த?" என்று கேட்டான்.

அடுத்த ஒப்பந்தத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நான்கு வருடம் கழித்து ஊர் திரும்பினேன். ஜெரோம் கோவளத்தில் அண்ணனோடு சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தான். மேரி என்ற பெண்ணைக் கட்டியிருந்தான், ஒரு மகளும் இருந்தாள். ஓட்டல் வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். எந்த ஓட்டலிலும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்வான் என எதிர்பார்த்தேன். "ஒரு உசுரை எடுத்த கையி அண்ணாத்த. அடுத்தவங்களுக்குச் சோறு போட பயமா கீது" என்றான்.

வீட்டில் அடுப்புப் பக்கமே போகமாட்டானாம். மேரி வெந்நீர் வைக்கச் சொன்னால்கூடத் தயங்குவானாம். மாதாமாதம் மாதா கோயிலில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறானாம், அதே பாவத்தை, அதே அம்மாளை. சாமியாரே, போன மாதமே மன்னிப்புக் கொடுத்தாயிற்றே என்று அலுத்துக்கொள்கிறாராம். மேரி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துவைத்தேன். என்ன ஜென்மம் நான்!

மகளின் ஞானஸ்நானத்துக்குப் பிரியாணி போட்டான். ஆள் வைத்துச் சமைத்திருந்தான். பந்தி தொடங்குமுன் என்னைத் தனியே அழைத்துப்போய்த் தட்டில் கொஞ்சம் வைத்து நீட்டினான். "நீ துன்னு பாத்து சொல்லு. நல்லா கீதுன்னு நீ சொன்னாதான் நான் ஜனங்களுக்குப் போடுவேன்."

சாப்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். அதன்பிறகு அவன் தெருவில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு ஆள் வரும். நான் ருசி பார்த்துச் சரி என்றால்தான் இலை போடுவார்கள். போகாமல் இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். ஒவ்வொரு முறையும் கரண்டியை நீட்டுபவர் யாராயிருந்தாலும், எனக்குத் தெரிவது அந்த அம்மாளின் நிமிர்ந்த முகம்தான்.

பிறகு சுனாமி வந்தது. கோவளத்தில் ஏகப்பட்ட படகுகள் போயின. ஜெரோமுடையதும் போனது. பிள்ளையும் பெண்டாட்டியும் மாதா புண்ணியத்தில் பிழைத்தார்கள். ஊரில் அத்தனை பேரும் கடலைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இவன் மட்டும் திட்டவில்லை. தகரக் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். நண்பகல். கூரை கொதித்துக்கொண்டிருந்தது. "அந்தம்மாவக் கொன்ன பாவம்தான் அண்ணாத்த" என்றான். "என்னாலதான் இவ்ளோ பேருக்கும். என்னைத் தேடிகினு வந்துது. வழில கீறவங்களையும் வாரிகினு பூட்டுது."

கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. முடியவே இல்லை. சொல்லிவிட்டேன்.

"ஜெரோம், அந்தம்மா செத்தது உன்னால இல்லடா. நான் வெச்ச எறாவால. மூணு மணிக்குக் கொட்டவேண்டியத சீட்டை மாத்தி அஞ்சு மணிக்கு வெச்சேன். உன் சோத்தால இல்ல. என்னால."

என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுகூட விரும்பினேன். அவன் கண் கலங்கியது. மேரியைக் கூப்பிட்டான்.

"பாத்தியா மேரி. படகு போச்சின்னு நான் ஒடஞ்சி பூட்டேன்ல? அதுக்கோசரம் என் பாவத்தத் தன் தலைல தூக்கி வெச்சிக்கப் பாக்குறாரு. கூடப் பொறந்தவன் செய்வானா இத்த?"

மேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

அந்தச் சமயத்தில் என் வாய்க்குள் எல்லாம் இருந்தது. பலகையில் என் பெயருக்கு நேரே இருந்த கோடுகள், மேலே விட்ட புது மயோனைஸ், அந்த அம்மாள் கேட்ட கேள்வி, நான் மொழிபெயர்க்காமல் விட்ட வார்த்தைகள்... அதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். அவனைப் பிடித்து உலுக்கி, உண்மைடா, கேளுடா என்று இன்னொரு முறை சொல்லியிருந்தால் போதும்.

சொல்லவில்லை. முதல் முறை சொன்னதுகூட அவனுக்காகவா, எனக்காகவா? இன்றுவரை தெரியவில்லை. அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்ததும் உள்ளே ஏதோ ஒன்று, பிழைத்தேன் என்றது. வெட்கம்கெட்ட நிம்மதி அது. அது வந்ததை நான் உணர்ந்தேன், அதனால்தான் அழுகை வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அவன் தோளில் சாய்ந்து அழுதேன்.

அவன் என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "அழுவாத அண்ணாத்த" என்றான். "தப்பு பண்ண நானே அழுவல. நீ இன்னாத்துக்கு அழுவுற?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சரி என்று தலையாட்டினேன்.