சுகமாகிவிட்டார் என்று நான் சொன்ன பொய்

என் கணவர் பூரண சுகம் அடைந்துவிட்டார் என்று நம்முடைய ஆலயத்தில் எழுந்து நின்று சொன்னவள் நான். அது பொய். அந்தப் பொய்யால் என் பிள்ளையை இழக்கப் பார்த்தேன். இதை எழுதுவது சரியோ என்று மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். ஆனால் எழுதாவிட்டால் கர்த்தருக்குக் கொடுத்த வாக்கை மீறியவள் ஆவேன்.

என் கணவர் துறைமுகத்தில் மேற்பார்வை வேலை பார்த்தவர். பெப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கப்பலில் இருந்து மூட்டைகள் இறக்கும்போது பாரந்தூக்கியின் கொக்கி வீசி வந்து அவருடைய தலையில் அடித்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. சபையாராகிய நீங்கள் உபவாசமிருந்து ஜெபித்தீர்கள். நான்காம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டார். தையல் பிரித்து வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறே நான் சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஒருவர்.

பிள்ளை ஒரு கரண்டியைக் கீழே போட்டால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவார். ஒரு காலில் மட்டும் செருப்பைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கதிரையில் உட்கார்ந்திருப்பார். அடுப்பில் சோறு கருகி வீடெல்லாம் புகை மணத்தாலும் பக்கத்திலேயே இருப்பார், அவருக்குத் தெரியாது. அயலில் ஒரு சாவீட்டில் சத்தமாகச் சிரித்தார். பிறகு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கை கால் நன்றாக இருக்கிறது. காயம் ஆறிவிட்டது. வேளைக்குச் சாப்பிடுகிறார். வேண்டுமென்று செய்கிறார் என்றே நினைத்தேன். நான் சொன்ன சாட்சியைப் பொய்யாக்க வந்தவர் போல அவரைப் பார்த்தேன்.

பெண்கள் கூட்டத்தை நடத்தும் ஞானம் அக்காவிடம் ஒரு நாள் மெல்லச் சொன்னேன்.

“அக்கா, அவர் இன்னும் சரியில்லை.”

“மெல்லமாக் கதை பிள்ளை. சாட்சி சொல்லிப்போட்டு இப்ப இல்லையெண்டா ஆண்டவரின்ர பேர் என்னாகும்? நீ சுகத்தை விசுவாசிக்கேல்லை. அதுதான் பிசாசு உள்ள பூந்திட்டுது.” பிறகு சிரித்தபடி, “இல்லாட்டி ஆம்பிளை வீட்டில கிடந்து ருசி கண்டிட்டார் போல” என்றார்.

நான் படித்த பெண். ஆங்கிலமும் வாசிப்பேன். அப்படியிருந்தும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து அவரைக் கூட்டி வரும்படி ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த துண்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சுகமானவரை டாக்டரிடம் கொண்டுபோவது அவிசுவாசம் அல்லவா? யாராவது வீட்டுக்கு வந்தால், “அவர் நித்திரை” என்றேன். கடவுளுடைய பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். காப்பாற்றியது என்னுடைய பெயரைத்தான்.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மீன் வாங்கச் சந்தைக்குப் போனவர் எங்கள் நாலு வயது மகள் ரூபியையும் கூட்டிக்கொண்டு போனார். மீனோடு திரும்பி வந்தார். பிள்ளை இல்லை.

“பிள்ளை எங்க?”

“உம்மோடதானே நிண்டவள்.”

“நீங்கள்தானே கையில பிடிச்சுக்கொண்டு போனீங்கள்!”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவரை அடித்தேன். ஓம், அடித்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோடு குந்தினார்.

சந்தை வரைக்கும் ஓடினேன். ஓடிக்கொண்டே கர்த்தரோடு சண்டை பிடித்தேன். “நீர் சுகமாக்கினீர் என்று எல்லாருக்கும் சொன்னேன். நீர் சுகமாக்கவில்லை! எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். என் பிள்ளையைத் தாரும். நான் பொய் சொன்னேன் என்று எல்லாருக்கும் சொல்லுகிறேன்.” என் வாழ்க்கையில் நான் செய்த முதல் உண்மையான ஜெபம் அது. அதில் பணிவு ஒரு துளியும் இருக்கவில்லை.

ரூபி, கிண்ணியாவில் இருந்து வந்து தயிர் விற்கும் முஸ்லிம் ஒருவரின் பக்கத்தில், முகமெல்லாம் தயிரோடு இருந்தாள்.

“இந்தாங்க தங்கச்சி, உங்கட புள்ள. அரைச் சட்டி முடிஞ்சு. இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தா என்னையும் தின்னிருப்பா.”

நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். தகப்பன் விட்டுவிட்டு வந்துவிட்டார் என்றேன். தலையில் அடிபட்டதையும் சொன்னேன். தயிர்க்காரர் சிரிப்பை நிறுத்தினார்.

“எங்கட காக்காவும், எனக்கு மூத்தவர், வண்டில் பிரண்டு தலையில அடிபட்டவர். ரெண்டு வருஷம் பேய் எண்டு தண்ணி ஓதிக் குடுத்தோம். பேயும் இல்ல ஒண்டும் இல்ல. மூளையில காயம். மனுசன ஏசாம டாக்டர்ட்டக் கொண்டு போங்க.”

திங்கட்கிழமை அலுமாரியைத் திறந்தேன். பிந்திப்போன துண்டைக் கொண்டு போனதற்கு ஏச்சு விழும் என்று பயந்தேன். டாக்டர் ஏசவில்லை.

“தையல் போட்டது தோலுக்கு. உள்ளுக்கு மூளை குலுங்கி அடிபட்டிருக்கு. மறதி, கோபம், அழுகை, மணம் தெரியாதது, எல்லாம் அந்தக் காயம்தான். அவர் வேணுமெண்டு செய்யேல்லை.”

“பழையபடி வருவாரோ டொக்டர்?”

“கொஞ்சம் கொஞ்சமாத் தேறும். முழுக்க வருவார் எண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

அந்த ‘ஏலாது’வுக்காக அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. நாலு மாதமாக நம்மவர்கள் என்னிடம் எல்லாம் ஏலும், எல்லாம் முடியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது அவரிடம் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்கிறேன். அதையும் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். மத்தியானத்தில் யன்னலைச் சாத்தி அவரைப் படுக்க விடுகிறேன். பிள்ளையைத் தனியே அவரோடு அனுப்புவதில்லை. போன கிழமை விறகு கொத்தி, ஒழுங்காக அடுக்கியும் வைத்தார். சில நாள் இன்னும் கத்துகிறார். சில நாள் நானும் கத்துகிறேன். அவரை அடித்த கைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். பிள்ளையைத் தந்தார். என் கணவருக்கு என்ன நடந்தது என்று எனக்கு விளங்க வைத்தார். நான் முதலில் கேட்டதை அவர் தரவில்லை. அதற்காக அவரோடு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதையும் அவரிடமே சொல்கிறேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. சாவீட்டில் அவர் சிரித்ததைக் கண்டு முகத்தைத் திருப்பியவர்கள் நம்மில் சிலர்தான்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவரை நித்திரை என்று சொல்லி மறைத்து வைத்திருந்தால், அவரை டாக்டரிடம் கொண்டு போங்கள். ஆலயத்துக்கும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வரும் ஞாயிறு இடதுபக்கக் கடைசி வரிசை வாங்கில் நாங்கள் இருப்போம். பிரசங்கத்தின் நடுவில் உங்களவர் எழுந்து சத்தம் போட்டால் வெட்கப்பட வேண்டாம். அதற்கு முதலே என்னுடையவர் போட்டிருப்பார்.